அப்பாவுக்கு 14 வருடமாகச் சர்க்கரை, இப்போது டிபியும். தொற்றா நோய்க்கும் தொற்று நோய்க்கும் என்ன சம்பந்தம்?

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 63 வயது. 28 வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரைக்கு மாத்திரை போடுவார். ஆனால் பந்தியில் உட்கார்ந்துவிட்டால் பாயசத்தை விடமாட்டார். மூன்று மாதமாக உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. "சுகர்காரன் இளைக்கத்தானே செய்வான்" என்று அவரே சொல்லிக்கொண்டார், நாங்களும் விட்டுவிட்டோம். அப்புறம் இருமல். பக்கத்து கிளினிக்கில் இரண்டு தடவை டானிக் கொடுத்தார்கள். சளி எடுத்துப் பார்க்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சாயங்காலமானால் லேசான காய்ச்சல், விடிகாலையில் பனியன் நனைகிற அளவுக்கு வியர்வை. கடைசியில் அரசு மருத்துவமனையில் சளியைச் சோதித்து டிபி என்றார்கள். போன திங்கட்கிழமை மாத்திரை தொடங்கியாயிற்று.

எங்கள் வீட்டில், தெருவில், சொந்தத்தில் யாருக்கும் டிபி கிடையாது. பிறகு எங்கிருந்து வந்தது? சர்க்கரை தொற்றாத நோய், டிபி தொற்றுகிற நோய் என்று பள்ளியில் படித்தோம். டாக்டரோ "சுகர் இருந்ததால் வந்தது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். அப்பாவின் கையில் சின்ன வயதில் போட்ட ஊசித் தழும்பு இன்னும் இருக்கிறது. அது வேலை செய்யவில்லையா?

அத்தை வந்து அப்பாவுக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக எடுத்து வைத்துவிட்டார். அவர் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு, கல்யாணத்துக்கு வந்தது. அது இப்போது வாசல் திண்ணையில் கிடக்கிறது. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. எனக்கு 4 வயதில் பையன் இருக்கிறான் என்பதால் அத்தையோடு சண்டை போடவும் தைரியம் வரவில்லை.

---

கீரைக்கட்டு | ஞாயிறு, இரவு 10:15

முதலில் தட்டை உள்ளே எடுத்து வையுங்கள். நான் 19 வருடமாக நர்ஸ், அதில் 6 வருடம் நெஞ்சுநோய் வார்டில். நுரையீரல் டிபி தட்டு, டம்ளர், துணி வழியாகப் பரவாது. காற்று வழியாகத்தான் பரவும். தனியாக வைக்க வேண்டியது தட்டை அல்ல, மூச்சை. அப்பா முகக்கவசம் போடட்டும். ஜன்னல் திறந்திருக்கும் அறையில் படுக்கட்டும். இருமும்போது துண்டால் வாயை மூடிக்கொள்ளட்டும். மாத்திரை ஒழுங்காக உள்ளே போனால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரத்திலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும்.

பையனை மட்டும் நாளைக்கே அழைத்துப்போங்கள். 5 வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளுக்கு நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். பெரியவர்களும் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். ரிஃபாம்பிசின் மாத்திரையின் சாயம் அது, பயப்படாதீர்கள்.

---

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 10:22

அக்கா, அதைப் பார்த்துவிட்டு நேற்றே அம்மா ஒரு பாட்டம் அழுது முடித்தாயிற்று. ரொம்ப நன்றி.

---

உயிரியல் வாத்தியார் | திங்கள், காலை 6:05

கண்டக்டர் வேலை என்று எழுதிவிட்டீர்கள். எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது. 28 வருடம் நெரிசலான பஸ்ஸில் எத்தனை ஆயிரம் பேர் விட்ட மூச்சை அவர் இழுத்திருப்பார்!

நோயுள்ளவர் இருமும்போது தெறிக்கும் துளிகளில் பெரியவை தரையில் விழுந்துவிடும். காய்ந்து சில மைக்ரான் அளவுக்குச் சிறுத்துப் போனவை மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். மூக்கு முடி, சளிப்படலம், மூச்சுக்குழாயில் துடுப்புப் போட்டுத் தூசியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்முடிகள், இவையெல்லாம் பெருந்தூசிக்கான ஏற்பாடுகள். இந்தப் பொடித் துகள் எல்லாவற்றையும் கடந்து நுரையீரலின் கடைக்கோடிக் காற்றறைக்குப் போய்விடும். அங்கே நுண்முடி கிடையாது. காவலுக்கு இருப்பது மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்தான்.

மேக்ரோஃபேஜ் கிருமியை விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கும். அமிலமும் நொதியும் நிறைந்த இன்னொரு பையை அதோடு சேர்த்துச் செரித்துவிடும். சாதாரணக் கிருமிக்கு அத்தோடு கதை முடிந்தது. டிபி கிருமியோ அந்த இரண்டு பைகளையும் ஒன்று சேரவிடாது. தன்னைப் பிடித்துக்கொண்டுபோன காவலர் வீட்டிலேயே குடியேறி, பிள்ளைகுட்டி பெற்றுப் பெருகும்.

சில வாரம் கழித்துத்தான் விஷயம் இரண்டாம் படைக்கு எட்டும். காலில் முள் குத்திப் பழுத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுமே, அங்கேதான் அந்தப் படையின் முகாம். நுரையீரலுக்கு அந்த முகாம் நெஞ்சுக்குள் இருக்கிறது. டி செல் என்ற வெள்ளை அணுக்கள் அங்கே பெருகி வந்து, தூங்கி வழியும் மேக்ரோஃபேஜை உசுப்பிவிடும். கொல்ல முடிந்ததைக் கொன்று, முடியாததைச் சுற்றி வேலி கட்டும். அந்த வேலிக்குக் கிரானுலோமா என்று பெயர். உள்ளே கிருமி சாகாமல் வருடக்கணக்கில் கிடக்கும். உலக மக்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு இந்தத் தொற்று ஏற்பட்டிருக்கிறது. அவர்களுக்கு இருமலும் இல்லை, அவர்களால் பிறருக்குப் பரவுவதும் இல்லை. அவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது நோயாக மாறும்.

அப்பாவுக்குக் கிருமி போன மாதம் வந்திருக்கலாம், 1995இலும் வந்திருக்கலாம். வந்த தேதியை விட, வேலி ஏன் இப்போது பிரிந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது, சாயங்காலம் வருகிறேன்.

---

எதிர்வாதி | திங்கள், காலை 11:30

என் மாமனாருக்கு 25 வருடமாகச் சர்க்கரை. டிபி வரவில்லை. சர்க்கரையே இல்லாத கல்லுடைக்கும் தொழிலாளிக்கு வருகிறது. எது வந்தாலும் சர்க்கரை மேல் பழி போடுவது டாக்டர்களுக்கு ஒரு பழக்கமாகிவிட்டது.

---

லேப்_தம்பி | திங்கள், பகல் 1:10

அண்ணா, கல்லுடைப்பவரைச் சொல்லி உங்கள் வாதத்தை நீங்களே கவிழ்த்துவிட்டீர்கள். கல்தூசியில் இருக்கும் சிலிக்காவை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செத்துவிடும். காவலாளே இல்லாத வீட்டில் டிபி நுழைவது சுலபம். சிலிக்காவும் தொற்றுகிற பொருள் இல்லைதானே?

சர்க்கரை இருந்தால் டிபி நோய் வரும் அபாயம் ஏறக்குறைய 3 மடங்கு. எல்லோருக்கும் வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. உங்கள் மாமனார் மீதிப்பேரில் ஒருவர், நன்றாக இருக்கட்டும். நாங்கள் டிபி உறுதியான எல்லோருக்கும் சர்க்கரையும் எச்ஐவியும் பார்க்கிறோம். சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்து, ஒரே நாளில் இரண்டு செய்தியோடு வீட்டுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

---

உயிரியல் வாத்தியார் | திங்கள், மாலை 5:50

சர்க்கரை என்னதான் செய்கிறது?

வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை. மந்தமாகிவிடுகின்றன, அவ்வளவுதான். இரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக நிற்கும்போது நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் கிருமி இருக்கும் இடத்துக்குப் போய்ச்சேருவதிலும், விழுங்குவதிலும், விழுங்கியதைக் கொல்வதிலும் பின்தங்கும். காலில் பட்ட சின்னக் காயம் மாதக்கணக்கில் ஆறாமல் போவதில் இதற்கும் பங்கு உண்டு. டிபியில் இன்னொரு கெடுதல் சேர்ந்துகொள்கிறது. சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளில், கிருமியின் செய்தி காலையில் சொன்ன அந்த முகாமுக்கு, அதாவது நிணநீர்க்கணுவுக்கு, போய்ச்சேரவே தாமதமாவதைப் பார்த்திருக்கிறார்கள். டி செல் படை வந்து சேர்வதற்குள் கிருமி எண்ணிக்கையில் ஏறிவிடுகிறது. பாயசம் நேராக டிபியைக் கொண்டுவராது. காவலுக்கு நிற்பவரைத் தூங்கவைக்கும்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 22 வருடமாகக் கரும்பலகையில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் தொற்று நோய்கள், வலப்பக்கம் தொற்றா நோய்கள் என்று எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். டிபி இடப்பக்கம், சர்க்கரை வலப்பக்கம். பிள்ளைகளும் எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். வைகைக்கரையின் அப்பா உடம்பில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது? இரண்டு பக்கமும் ஒரே நுரையீரலுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. அந்தக் கோட்டை நம்பியதால்தான் "சுகர்காரன் இளைப்பான்" என்று வீட்டிலும் விட்டுவிட்டார்கள், கிளினிக்கிலும் விட்டுவிட்டார்கள்.

---

எதிர்வாதி | திங்கள், இரவு 8:02

சரி, 3 மடங்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாத்தியாரே, கோட்டையே அழித்துவிட்டால் எதைச் சொல்லிக்கொடுப்பீர்கள்? மாரடைப்பு இருமினால் பரவாதே?

---

உயிரியல் வாத்தியார் | திங்கள், இரவு 8:40

பரவாது. கோடு பயனுள்ளதுதான். முகக்கவசம் யாருக்கு, உப்பைக் குறைப்பது யாருக்கு என்று அது சொல்லும். ஆனால் கோடு நகரும். வயிற்றுப் புண்ணை நான் படித்த காலத்தில் வலப்பக்கம் எழுதினோம். கவலை, காரம், நேரம் தவறிய சாப்பாடுதான் காரணம் என்றார்கள். ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் என்ற டாக்டர் அதை நம்பவில்லை. 1984இல் ஹெலிகோபாக்டர் என்ற பாக்டீரியாவைக் குடித்து, சில நாளில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வந்து, தன் வயிற்றையே சாட்சியாக்கினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் கிடைத்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்? புற்றுநோய் என்றாலே வலப்பக்கம்தான். ஆனால் அதற்குக் காரணம் எச்பிவி வைரஸ், அதற்குத் தடுப்பூசியே இருக்கிறது.

---

ஓய்வு_ஹெச்ஐ | செவ்வாய், காலை 7:15

தழும்பைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. சுகாதார ஆய்வாளராக 31 வருடம் ஊர் ஊராகப் போனவன், நான் சொல்கிறேன்.

அது பிசிஜி. மாட்டுக்கு வரும் டிபி கிருமியை 13 வருடம் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் இழக்கவைத்துச் செய்தது. 1921இல் முதன்முதலில் குழந்தைக்குக் கொடுத்தார்கள். சின்னக் குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் டிபியையும், உடம்பெங்கும் பரவும் டிபியையும் அது நன்றாகத் தடுக்கும். ஆகவே பிறந்ததும் போடுவதை யாரும் நிறுத்திவிடக் கூடாது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டிபியைத் தடுக்குமா என்று உலகத்துக்கே சோதித்துச் சொன்னது நம் செங்கல்பட்டு. 1968இல் தொடங்கி இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்து, 15 வருடம் பின்தொடர்ந்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் டிபியை அது தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. கசப்பான முடிவு, ஆனால் நேர்மையாகச் சொன்னார்கள். உங்கள் அப்பாவின் ஊசி அவர் குழந்தையாக இருந்தபோது செய்ய வேண்டியதைச் செய்திருக்கும். 63 வயது வரை அதைத் தாங்கச் சொல்வது நியாயம் இல்லை.

அத்தைக்கும் ஒரு பதில் சென்னையிலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் டிபி என்றால் தாம்பரம் சானடோரியம் மாதிரி இடத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், ஒரு பகுதி நோயாளிகளை சானடோரியத்தில் வைத்தும் இன்னொரு பகுதியை நெரிசலான அவரவர் வீட்டிலேயே விட்டும் அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, ஓய்வும் குறைவு. ஆனாலும் கிட்டத்தட்ட அதே அளவு குணம். அவர்கள் வீட்டாருக்கு நோய் கூடுதலாக வரவும் இல்லை. 1959இல் அந்த முடிவு வெளியானதும் உலகமெங்கும் சானடோரியங்கள் காலியாக ஆரம்பித்தன. அந்த முடிவைத் தந்த மண்ணில் இருந்துகொண்டு தட்டைத் திண்ணையில் போடுகிறோமே!

மாதம் 1000 ரூபாய் சத்துணவுப் பணம் வரும். வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்துவிட்டீர்களா? முன்பு 500 ஆக இருந்தது, 2024 நவம்பரிலிருந்து 1000.

---

மூலிகைமணம் | செவ்வாய், காலை 10:48

கிருமியைக் கொல்வதை விட எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதே வழி. தூதுவளை, ஆடாதோடை, சித்தரத்தைக் கஷாயம் ஒரு மண்டலம் கொடுத்துப் பாருங்கள். எதிர்ப்பு சக்தி கூடினால் எந்த நோயும் அண்டாது.

---

மேலமாசி வீதி | செவ்வாய், பகல் 12:20

கஷாயத்துக்கு நான் விரோதி இல்லை, மழைக்காலத்தில் நானும் குடிக்கிறேன். டிபி மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடிக்கச் சொன்னால் மட்டும் சண்டைக்கு வருவேன். "எதிர்ப்பு சக்தி கூடினால் எந்த நோயும் அண்டாது" என்ற வரிக்குத்தான் பதில்.

என் மனைவிக்கு முடக்குவாதம். அவர் உடம்பின் எதிர்ப்புப் படை அவருடைய மூட்டுகளையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. சக்தி குறைந்து வந்த நோய் இல்லை, தப்பான இடத்தில் கூடியதால் வந்தது. அதைத் தணிக்க டிஎன்எஃப் என்ற பொருளை மட்டுப்படுத்தும் ஊசி எழுதினார்கள். போடுவதற்கு முன்னால் டிபி சோதனை கட்டாயம் என்றார்கள். மூட்டு வலிக்கும் டிபிக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் உங்களைப் போலவே விழித்தேன். வாத்தியார் சொன்னாரே வேலி, அதைக் கட்டிக்காக்கும் பொருள்களில் டிஎன்எஃப் முக்கியமானதாம். அதைத் தணித்தால் மூட்டு வீக்கம் இறங்கும், ஆனால் எப்போதோ அடைபட்ட டிபி எழுந்துவிடலாம். சோதித்ததில் மனைவிக்கு உறங்கும் தொற்று இருந்தது. முதலில் தடுப்பு மாத்திரை, அப்புறம்தான் ஊசி.

---

உயிரியல் வாத்தியார் | செவ்வாய், மாலை 6:30

மேலமாசி வீதி, நாளைக்கு வகுப்பில் இதைச் சொல்லப்போகிறேன், அனுமதி உண்டா?

இதோடு ஒன்று சேர்க்கிறேன். டிபியில் நுரையீரலில் குழி விழுவதைக் கிருமி தானாகச் செய்வதில்லை. பெருமளவுக்கு நம் படை நடத்தும் சண்டையில் நம் நுரையீரல் திசுவே கரைந்து விழும் குழி அது. எச்ஐவி முற்றி டி செல்கள் மிகவும் குறைந்துபோனவர்களுக்கு இந்தக் குழி குறைவாகவே விழுகிறது. ஆள் இல்லாமல் சண்டை இல்லை. ஆனால் கிருமி உடம்பெங்கும் பரவுகிறது. குழி விழுந்தவரின் இருமலில்தான் கிருமி அதிகமாக வெளியே வரும். நம் தற்காப்பே கிருமிக்கு வாசலைத் திறந்துகொடுக்கிறது.

வேடிக்கையான ஒற்றுமை ஒன்று. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் டிபி கிருமியை அறிவித்தார். அதே வருடக் கடைசியில் இத்தாலியின் மெசினாவில் மெச்னிகோவ் என்ற விஞ்ஞானி, வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த நேரத்தில், கண்ணாடி மாதிரி உடம்புள்ள நட்சத்திரமீன் குஞ்சுக்குள் முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி செல்கள் மொய்த்திருந்தன. தாக்குபவனையும் காவலாளியையும் ஒரே வருடத்தில் கண்டுபிடித்தாயிற்று. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் இத்தனை காலம்.

---

நல்லூரான் | செவ்வாய், இரவு 9:10

யாழ்ப்பாணத்திலிருந்து. எங்கள் பக்கம் சர்க்கரையைச் சீனி வருத்தம் என்போம், பழைய ஆட்கள் சலரோகம் என்பார்கள். டிபியைக் கசம் என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். சீனி வருத்தத்தைக் கலியாண வீட்டில் சத்தமாகவே சொல்லலாம். இரண்டும் சேர்ந்து வரும் என்று இன்றுதான் அறிந்தேன்.

---

வைகைக்கரை | புதன், இரவு 8:55

எல்லோர் பதிலையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னும் இரண்டு சந்தேகம். டிபி மாத்திரை தொடங்கியபின் அப்பாவின் சர்க்கரை குறையாமல் 300ஐத் தாண்டுகிறது. டாக்டர் இன்சுலினுக்கு மாற்றச் சொல்கிறார். டிபி மாத்திரையால்தான் சுகர் ஏறுகிறது என்று சொந்தக்காரர்கள் நிறுத்தச் சொல்கிறார்கள். அடுத்து, டிபிக்கு நன்றாகச் சாப்பிடு என்கிறார்கள், சுகருக்குச் சாப்பிடாதே என்கிறார்கள். எதைக் கேட்பது?

---

கீரைக்கட்டு | புதன், இரவு 9:30

நிறுத்தவே கூடாது. 6 மாதமும் தொடர்ந்து போட வேண்டும். பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத டிபியாகிவிடலாம்.

சுகர் ஏறுவதற்குக் காரணம் இரண்டு. எந்தப் பெரிய தொற்று வந்தாலும் உடம்பு போருக்குத் தயாராகும். கார்டிசால், அட்ரினலின் மாதிரியான ஹார்மோன்கள் எல்லாம் கூடும், இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காது. சுகர் டிபிக்கு வழிவிட்டது, டிபி சுகரை ஏற்றுகிறது. இரண்டாவது, ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிடும். கிளிமிபிரைடு மாதிரியான சுகர் மாத்திரைகளைக் கல்லீரல் சீக்கிரம் உடைத்துத் தள்ளிவிடும். போட்ட மாத்திரை பாதி வேலைதான் செய்யும். இன்சுலின் எழுதியது அதற்காகத்தான் இருக்கும், டாக்டரிடமே கேளுங்கள். டிபி சிகிச்சை முடிந்தபின் மறுபடி மாத்திரைக்கே போனவர்கள் உண்டு. கால் மரத்துப்போகிறதா என்றும் கேளுங்கள். சுகரும் மரக்கவைக்கும், ஐசோனியாசிட் என்ற டிபி மாத்திரையும் மரக்கவைக்கும். மாத்திரையால் மரப்பதைத் தடுக்க பி6 எழுதியிருக்கிறார்களா பாருங்கள்.

சாப்பாட்டில் அளவைக் குறைக்காதீர்கள், ஆளை மாற்றுங்கள். சோறும் இனிப்பும் குறையட்டும், முட்டை, பருப்பு, சுண்டல், வேர்க்கடலை, மீன் கூடட்டும். ஜார்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், டிபி நோயாளி வீட்டாருக்குக் கூடுதல் உணவுப்பொருள் கொடுத்ததிலேயே அவர்களுக்கு டிபி வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. உங்கள் அம்மாவும் பட்டினி கிடக்காமல் சாப்பிடட்டும். பார்த்துக்கொள்பவர்தான் எப்போதும் கடைசியில் சாப்பிடுவார்.

---

வைகைக்கரை | இரண்டு மாதம் கழித்து, சனி, மாலை 4:20

இழையை மேலே கொண்டுவருகிறேன். இரண்டாவது மாத முடிவில் எடுத்த சளியில் கிருமி இல்லை. எடை 3 கிலோ ஏறியிருக்கிறது. இன்சுலினில் சுகர் 160 பக்கம் நிற்கிறது. பையனுக்குத் தடுப்பு மாத்திரை போகிறது, தேனில் கலந்தாலும் துப்புகிறான், எனக்குத்தான் ஆள் போதவில்லை. எனக்கும் அம்மாவுக்கும் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பது இந்தச் சாக்கில் தெரிந்தது.

அத்தை போன வாரம் வந்திருந்தார். தட்டு அடுக்கில் இருப்பதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பையன் அதைத்தான் இப்போது தன் தட்டு என்கிறான், தாத்தா பெயரை எழுத்துக்கூட்டுகிறான். அத்தைக்கும் சுகர் உண்டு. "எனக்கும் ரெண்டு வாரமா இருமல்" என்று கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்.

---

லேப்_தம்பி | சனி, மாலை 4:31

திங்கட்கிழமை காலை, வெறும் வயிற்றில் வாய் கொப்பளித்துவிட்டு, ஆழத்திலிருந்து இருமி எடுத்த சளி. எச்சில் வேண்டாம். அத்தையை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.